பிள்ளை காய், பழம் தொடுவதில்லையா? அறிகுறியைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிசெய்யலாம்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் இரவு எட்டு மணிக்கு நடந்து போனால் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் ஒரே குரல் கேட்கும்: "இந்த ஒரு வாய்தான் கண்ணு, வாங்கிக்கோ." எங்கள் வீட்டிலும் மூன்று வருடம் அந்தக் குரல் இருந்தது. பெரியவளுக்கு இப்போது ஒன்பது வயது, சின்னவனுக்கு நாலரை. இரண்டு பேரையும் வளர்த்துப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: பிள்ளை காயை ஒதுக்கும்போது நாம் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், கோளாறோ பெரும்பாலும் தட்டு வருவதற்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்திலேயே நடந்து முடிந்திருக்கிறது.

கீழே ஒவ்வொரு தொல்லையாக எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் நடப்பது எதுவோ அங்கே போய்ப் படியுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றப் போகாதீர்கள். ஒன்றை எடுத்து இரண்டு வாரம் விடாமல் செய்து பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள், இல்லாவிட்டால் எது பலித்தது என்றே தெரியாது.

முதலில் அளவைச் சரிபாருங்கள்

சில வீட்டில் தொல்லையே கிடையாது, கவலை மட்டும்தான் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்ன கணக்குப்படி 2 முதல் 5 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குக் காயும் பழமும் சேர்த்துக் குறைந்தது 250 கிராம், 6 முதல் 9 வயதுக்கு 350 கிராம், 10 வயதுக்கு மேல் பெரியவர்களைப் போல 400 கிராம். கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் ஒரு சின்ன கொய்யா, ஒரு ஏலக்கி வாழைப்பழம், சாம்பாரில் கிடக்கும் நாலைந்து துண்டு, இரவில் பிள்ளையின் கையால் ஒரு பிடி பொரியல் என்று போட்டுப் பாருங்கள், சின்னவன் வயதுக்கு ஏறக்குறைய வந்துவிடும்.

ஒன்றை மட்டும் கழித்துவிடுங்கள். "எங்க பையன் காய் நல்லா சாப்பிடுவான்" என்று சொல்லும் பல வீட்டில் அந்தக் காய் உருளைக்கிழங்கு வறுவல்தான். உருளை, மரவள்ளி, சக்கரைவள்ளி, சேப்பங்கிழங்கு எதுவும் இந்தக் கணக்கில் வராது, அவை சோற்றுக்குச் சமம். உருளையைக் கழித்த பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

அறிகுறி: சாப்பாட்டு நேரத்தில் வாயைத் திறப்பதே இல்லை

பாதி வீட்டில் மூலமே இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் வேலை சமையல் இல்லை, எழுதுவது. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். மூன்று நாளைக்குப் பிள்ளையின் வாய்க்குள் போனது ஒவ்வொன்றையும் நேரத்தோடு எழுதுங்கள், ஒரே ஒரு பிஸ்கட் என்றாலும், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த அரை முறுக்கு என்றாலும். சின்னவனுக்கு மூன்று வயது இருக்கும்போது நான் எழுதிய தாளில் இப்படி இருந்தது: காலை 7 மணி பால், 9 மணி இட்லி ஒன்று, 10 மணி பிஸ்கட் நாலு, 12 மணி பால், 1 மணி சாதம் மூன்று வாய், 4 மணி பாலும் பிஸ்கட்டும், 6 மணி ஐந்து ரூபாய் பாக்கெட் ஒன்று, 8 மணி சாப்பிட மாட்டேன் என்று அழுகை, 9.30 மணி பால்.

படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவனுக்குப் பசியே எடுக்கவில்லை, பசிக்காத பிள்ளையிடம் நான் அவரைக்காய்ப் பொரியலை நீட்டி மல்லுக்கு நின்றிருக்கிறேன்.

நாலு டம்ளர் பால் என்றால் 800 மில்லி. பால் நல்லதுதான், ஆனால் ஒரு நாளைக்கு அரை லிட்டரைத் தாண்டினால் சின்ன வயிறு அதிலேயே நிறைந்துவிடும், பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு என்பதால் கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளைக்கும் ரத்தசோகை வரலாம். பன்னிரண்டு மணிப் பாலை முதலில் நிறுத்தினேன். இரண்டு நாள் அழுதான், தண்ணீர் கொடுத்தேன், மூன்றாம் நாள் ஒரு மணிக்குத் தானாகத் தட்டின் முன்னால் வந்து உட்கார்ந்தான். அடுத்த வாரம் இரவுப் பாலைப் பாதி டம்ளராக்கினேன். இப்போது நாளைக்கு இரண்டு டம்ளர், அதோடு சாதத்துக்குத் தயிர்.

பாலைக் குறைத்த பிறகு மாலை நாலு மணியைப் பிடியுங்கள். பள்ளி விட்டு வந்து பையைக் கழற்றும்போது பிள்ளைக்கு இருக்கும் பசிதான் நாளிலேயே நிஜமான பசி. கண் முன்னால் எது இருக்கிறதோ அதற்குக் கை போகும். அந்த நேரத்தில் மேசை மேல் பிஸ்கட் டப்பா இருந்தால் பிஸ்கட், தட்டில் வெள்ளரிப் பத்தை உப்பும் மிளகாய்த்தூளும் தூவி இருந்தால் வெள்ளரிப் பத்தை. நான் மூன்றரை மணிக்கே வெட்டி வைத்துவிடுவேன். ஒரு நாள் வெள்ளரி, ஒரு நாள் கொய்யா, ஒரு நாள் பாசிப்பயறுச் சுண்டலில் கேரட்டும் மாங்காயும் துருவிப் போட்டது. "சாப்பிடு" என்று சொல்ல மாட்டேன், தட்டை வைத்துவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். பாதி நாள் இரவு எட்டு மணிக்குச் சண்டை போட்டு ஊட்டவேண்டிய காயை நாலு மணிக்கே சண்டையில்லாமல் முடித்திருப்பார்கள்.

பிஸ்கட் கொடுப்பது தாத்தாவோ ஆயாவோ என்றால் அவர்களைத் தடுக்காதீர்கள். எங்கள் அத்தைக்குப் பேரனிடம் அன்பைக் காட்டத் தெரிந்த வழி முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் இரண்டு பிஸ்கட்தான். அதை நிறுத்தச் சொன்னால் அவருக்கு மனசு விட்டுப் போகும். நான் சீத்தாப்பழம் வாங்கிக் கொடுத்து, "அத்தை, இதுல கொட்டை எடுத்து ஊட்ட எனக்குப் பொறுமை இல்ல, நீங்களே பாத்துக்கங்க" என்றேன். உண்மையும் அதுதான். இப்போது நாலு மணி ஆனதும் சின்னவன் ஆயா மடிக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறான், ஒவ்வொரு சுளையாக அவர் கொட்டை நீக்கி வாயில் வைக்க, ஒரு முழுப் பழம் போய்விடுகிறது.

அறிகுறி: பழம் கொடுத்தால் சளி பிடிக்கும் என்று வீட்டில் பெரியவர்கள் தடுக்கிறார்கள்

சளி கிருமியால் வருகிறது, கொய்யாவால் வருவதில்லை. ஆனால் இதைப் பேசி ஜெயிக்க முடியாது. பிரிட்ஜில் இருந்து எடுத்ததும் கொடுக்காதீர்கள், அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுக் கொடுங்கள், இரவில் வேண்டாம், பகலில் கொடுங்கள். பெரியவர்கள் மனசும் ஆறும், பழமும் உள்ளே போகும். காய்ச்சலும் மூக்கடைப்பும் இருக்கும் நாளில் பிள்ளையே கேட்டால் ஆரஞ்சுச் சுளை தாராளமாகக் கொடுக்கலாம்.

அறிகுறி: சாம்பாரில் இருப்பதை எல்லாம் பொறுக்கி ஓரமாக வைக்கிறான்

இரண்டு வயதில் இருந்து ஆறு வயது வரை இது வளர்ச்சியில் ஒரு கட்டம். ஒரு வயதில் பீர்க்கங்காய்க் கூட்டை அள்ளி அள்ளித் தின்ற பிள்ளை இரண்டரை வயதில் அதையே பார்த்துப் பயப்படும். பிடிவாதம் என்று நினைத்து அடிப்பவர்களும் உண்டு, தயவுசெய்து அடிக்காதீர்கள். தெரியாத பொருளை வாயில் வைக்க அஞ்சுவது அந்த வயதின் இயல்பு, பழகப் பழகப் போகும்.

பழகுவதற்கு எத்தனை தடவை வேண்டும் என்பதில்தான் நாம் ஏமாறுகிறோம். மூன்று தடவை வைத்துப் பார்த்துவிட்டு "இவனுக்குப் பீட்ரூட் பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பத்துப் பதினைந்து தடவை வரை ஆகலாம். பெரியவளுக்குப் பீட்ரூட் வைத்த ஒவ்வொரு நாளும் சமையலறைக் காலண்டரில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். முதல் நாலு கோடு வரை தொடவில்லை. ஐந்தாம் நாள் விரலால் தொட்டு உதட்டில் சாயம் பூசிக்கொண்டாள். அதையும் ஒரு கோடாக எண்ணினேன். எட்டாம் நாள் நக்கினாள், ஒன்பதாம் நாள் மென்று துப்பினாள். பதினோராம் கோட்டில் எதுவும் சொல்லாமல் விழுங்கிவிட்டு அடுத்த வாய் சோற்றுக்குப் போனாள். நானும் எதுவும் சொல்லவில்லை. கை தட்டியிருந்தால் பன்னிரண்டாம் நாளும் கை தட்டலை எதிர்பார்த்திருப்பாள்.

அளவு முக்கியம், ஒரு பட்டாணி அளவு போதும். ஏற்கெனவே பிடித்த ஒன்றின் பக்கத்தில் வையுங்கள். துப்புவதற்கு ஒரு கிண்ணம் கொடுத்துவிடுங்கள், துப்பலாம் என்று தெரிந்த பிள்ளைதான் தைரியமாக வாயில் வைக்கும்.

தோசை மாவில் அரைத்து ஒளித்துவைக்கலாமா என்று கேட்பார்கள். சத்துக்காகச் செய்யலாம், நானும் கேரட்டை மாவில் அரைத்து ஊற்றுகிறேன். ஆனால் அதை மட்டுமே செய்தால் பிள்ளை பதினைந்து வயதிலும் முழுக் கேரட்டை அந்நியமாகத்தான் பார்க்கும். கண்ணுக்குத் தெரியும்படியும் ஒரு துண்டு தட்டில் இருக்கட்டும்.

அறிகுறி: வாயில் வைத்ததும் குமட்டுகிறாள்

இதற்குப் பல சமயம் காரணம் நம் சமையல்தான். நாக்கில் கசப்பு பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்குக் கூடுதலாகத் தெரியும். கொழகொழப்பும் நாரும் அப்படித்தான்.

வெண்டைக்காய் என்றால் கழுவித் துணியால் ஈரம் போகத் துடைத்த பிறகு வெட்டுங்கள், அகலமான இரும்புச் சட்டியில் மூடாமல் வதக்குங்கள், உப்பைக் கடைசியில் போடுங்கள். முட்டைக்கோஸை நீண்ட நேரம் வேகவைத்தால் ஒரு வாடை வரும், அதை எந்தப் பிள்ளையும் மன்னிக்காது. ஐந்து நிமிட வதக்கல் போதும். பீன்ஸ், அவரையில் நாரை உரிக்காமல் விட்டால் அது தொண்டையில் சிக்கும், அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு அந்தக் காய் அவ்வளவுதான்.

கத்தரிக்காய்க்கு ஒரு வழி என் மகளே காட்டினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு டோல்கேட் உழவர் சந்தைக்கு அவளையும் கூட்டிப் போனேன். விலைப் பலகையைப் படிக்கச் சொன்னேன், அப்போதுதான் எழுத்துக் கூட்டப் பழகியிருந்தாள். அணைக்கட்டுப் பக்கத்தில் இருந்து வந்த ஒரு அக்கா முள்ளுக் கத்தரிக்காயைக் குவித்து வைத்திருந்தார். அதுதான் 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய வேலூர் முள்ளுக் கத்தரி, இலவம்பாடிக் கத்தரிக்காய் என்றும் சொல்வோம். மகள் கையை நீட்டியதும் காம்பு முள் சுருக்கென்று குத்திவிட்டது. "அம்மா, கத்தரிக்கா கடிக்குதும்மா!" அந்த அக்கா சிரித்துக்கொண்டே, "கடிக்கிற கத்தரிக்காதான் கண்ணு ருசி, பாத்து எடு" என்றார். காம்புத் தொப்பி பச்சையாக, தோல் பளபளவென்று, கையில் எடுத்தால் கனமில்லாமல் இருப்பதாகப் பார்த்து எட்டுக் காய் அவளே பொறுக்கினாள். வீட்டில் காம்போடு நாலாகக் கீறி, வறுத்த வேர்க்கடலையும் எள்ளும் அரைத்த மசாலாவில் எண்ணெய்க் கத்தரிக்காய் செய்தேன். "இதுல என்னைக் கடிச்சது எது?" என்று தேடி ஒன்றைத் தின்றாள். அன்றைக்கு ஒன்றுதான், ஆனால் அதற்கு முன்னால் கத்தரிக்காய் வாசம் பட்டாலே தட்டைத் தள்ளுகிற பிள்ளை.

அதனால் குமட்டும் காயை முதலில் பச்சையாகக் கையில் கொடுங்கள், அது எப்படி இருக்கும் என்று விரலுக்குத் தெரியட்டும். அப்புறம், ஏற்கெனவே உயிராக இருக்கும் ஒன்றோடு சேர்த்து வையுங்கள். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் வைப்பது ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் காலகாலமாக இருக்கும் வழக்கம். பிரியாணி இருக்கும் தட்டில் கத்தரிக்காய் மேல் யாருக்கும் கோபம் வருவதில்லை.

அறிகுறி: கீரை என்றாலே ஓட்டம்

மென்று முடிக்க முடியாததுதான் பெரும்பாலும் காரணம். தண்டோடு பொரியல் செய்த கீரை மூன்று வயதுப் பல்லுக்கு வேலை வைக்கும், கடைசியில் வாயில் பந்தாக உருண்டு நிற்கும். தண்டை நீக்கி, பருப்போடு வேகவைத்து, மத்தால் நன்றாகக் கடைந்து, நெய் விட்டுச் சோற்றில் பிசைந்து கொடுங்கள். எண்ணெயோ நெய்யோ இருக்கவேண்டும், ஏனென்றால் கீரையிலும் கேரட்டிலும் மஞ்சள் பூசணியிலும் இருந்து கிடைக்கும் வைட்டமின் ஏ கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் ஒட்டும். ஒரு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் கீரையில் உள்ள இரும்புச்சத்தும் கூடுதலாகச் சேரும். சாப்பிட்டவுடன் டீ கொடுத்தால் அது குறையும், பிள்ளைக்கு டீ பழக்கமே வேண்டாம்.

முருங்கைக்கீரைக்கு நம் பக்கத்து வழி கேழ்வரகு அடை. மாவில் வெங்காயமும் கீரையும் போட்டுப் பிசைந்து, கல்லில் தட்டி, ஓரம் மொறுமொறுவென்று வரும்வரை விடுங்கள். இன்னொன்று, கீரையை வதக்கி இறக்கும்போது வறுத்த வேர்க்கடலைப் பொடியை இரண்டு கரண்டி தூவுவது, கசப்பு அப்படியே அடங்கிவிடும். கீரை உருவும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். எங்கள் வீட்டில் முறத்தை நடுவில் வைத்துக்கொண்டு ஆயாவும் பேரனும் எதிரெதிரே உட்கார்ந்து உருவுவார்கள். அவன் உருவியதில் பாதி காம்பாகத்தான் இருக்கும், அவன் அந்தப் பக்கம் போன பிறகு நான் பொறுக்கிக்கொள்வேன்.

அறிகுறி: போன் இருந்தால்தான் சாப்பிடுகிறாள்

போனைப் பார்க்கும் பிள்ளை வாயில் என்ன இருக்கிறது என்று கவனிப்பதில்லை, அதனால் காய் இறங்குவது போலத் தெரியும், ஆனால் பழக்கம் எதுவும் சேராது. போனை எடுத்தால் மறுபடியும் முதலில் இருந்துதான். வயிறு நிறைந்ததும் அவளுக்குத் தெரியாது. மூன்று வேளையும் ஒரே நாளில் நிறுத்தினால் வீடு போர்க்களமாகும். முதல் வாரம் காலையில் மட்டும் போன் கிடையாது, எல்லோரும் கூடத்தில் ஒன்றாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது, அடுத்த வாரம் இரவும். நம் போனையும் வேறு அறையில் வைக்கவேண்டும், இது எனக்கே கஷ்டமாக இருந்தது. இருபது இருபத்தைந்து நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். குறைவாகச் சாப்பிட்டால் சரி, அடுத்த வேளைக்குப் பசி வரும். இடையில் பரிதாபப்பட்டுப் பால் கொடுத்துவிடாதீர்கள்.

அறிகுறி: ஏதாவது தருவதாகச் சொன்னால்தான் காயைத் தொடுகிறான்

"பொரியல் முடிச்சா ஐஸ்கிரீம்" என்று சொல்லும்போது பொரியல் தண்டனை, ஐஸ்கிரீம் பரிசு என்று நாமே கற்றுக்கொடுக்கிறோம். தின்பண்டத்தைப் பரிசாக்குவதை நிறுத்துங்கள். இனிப்பு இருக்கும் நாளில் காய் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கொடுத்துவிடுங்கள். என்ன சமைப்பது, எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து என்பது உங்கள் கையில். எவ்வளவு என்பதை அவன் வயிறு சொல்லட்டும்.

அறிகுறி: பழமே வேண்டாம், ஜூஸ் மட்டும் போதும் என்கிறான்

ஜூஸில் நார் போய்விடுகிறது, சர்க்கரை மிஞ்சுகிறது, நாலு ஆரஞ்சின் இனிப்பு ஒரு டம்ளரில் இறங்கிவிடுகிறது. ஒரு வயதுக்குள் ஜூஸே வேண்டாம். பெரிய பிள்ளைக்கு எப்போதாவது சரி, தினமும் வேண்டாம். மிக்சியில் அடித்தே ஆகவேண்டும் என்றால் வடிகட்டாமல், சர்க்கரை போடாமல் கொடுங்கள், பிறகு மெல்ல மெல்லக் கெட்டியாக்கி ஸ்பூனால் எடுக்கும் பதத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து துண்டுக்கு வாருங்கள்.

இன்னொரு தடை நம் மனசில் இருக்கிறது, பழம் என்றால் ஆப்பிள் என்று. உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போகும்போது ஆப்பிள் வாங்கி வாங்கியே நமக்கு அப்படிப் பதிந்துவிட்டது. கொய்யாவில் ஆரஞ்சைவிட ஏறக்குறைய நாலு மடங்கு வைட்டமின் சி இருக்கிறது, ஆப்பிளோடு ஒப்பிடவே முடியாது, விலையோ பாதிகூட இராது. மழைக்காலம் தொடங்கும்போது ஜவ்வாது மலையில் இருந்தும் ஏலகிரியில் இருந்தும் சீத்தாப்பழம் கூடை கூடையாக இறங்குகிறது. கோடையில் குடியாத்தம் பக்கத்து மாம்பழம், நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு, அதற்குப் பிறகு நாவல்பழம். கொடுக்காப்புளியைப் பார்த்த பிள்ளைகள் கேட்டு வாங்கித் தின்கிறார்கள், சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். அந்தந்தக் காலத்தில் வண்டியில் மலிவாக வருவதை வாங்குங்கள்.

ஆனால் கவனம்: ஐந்து வயதுக்குக் கீழே திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டித்தான் கொடுக்கவேண்டும், முழுசாகப் போனால் மூச்சுக்குழாயை அடைக்கும். நாவல், இலந்தை, சீத்தாப்பழக் கொட்டைகளை நீக்குங்கள். பச்சைக் கேரட்டைத் துருவிக் கொடுங்கள். முழு வேர்க்கடலை வேண்டாம். ஓடிக்கொண்டே தின்ன விடாதீர்கள்.

அறிகுறி: பள்ளிக்குக் கொடுத்த டப்பா அப்படியே திரும்பி வருகிறது

பிள்ளையைக் கேட்பதற்கு முன்னால் டப்பாவைக் கேளுங்கள். பெரியவள் முதல் வகுப்பில் இருந்தபோது ஒரு வாரம் முழுக்கக் கொய்யாத் துண்டுகள் திரும்பி வந்தன, நான் திட்டியும்விட்டேன். எட்டாம் நாள்தான் கேட்கத் தோன்றியது: "நீயே திறந்து காட்டு பாப்போம்." திறக்க முடியவில்லை. நாலு பக்கமும் கிளிப் போட்ட மூடி, அந்தச் சின்ன விரலுக்கு அசையவே இல்லை, டீச்சரிடம் கேட்க வெட்கம். பழைய எவர்சில்வர் சம்படத்துக்கு மாறியதும் அடுத்த நாளே காலியாக வந்தது. அவளைத் திட்டியதற்கு அன்று இரவு மன்னிப்புக் கேட்டேன்.

அதனால் மூடி, நேரம், நிறம் மூன்றையும் பாருங்கள். இடைவேளை பத்து நிமிடம்தான் என்றால் உரிக்கவேண்டிய பழம் வேண்டாம், உரித்த ஆரஞ்சுச் சுளை அல்லது மாதுளை முத்து கொடுங்கள். வெட்டினால் கறுக்கும் பழத்தில் எலுமிச்சையைத் தடவுங்கள், கறுத்ததைப் பார்த்துப் பக்கத்துப் பிள்ளை முகம் சுளித்தால் உங்கள் பிள்ளை மூடியை மூடிவிடும். மதியத்துக்குத் தயிர்சாதத்தில் துருவிய கேரட்டும் மாதுளையும், எலுமிச்சைச் சாதத்தில் பட்டாணியும் கேரட்டும் என்று கலந்தே கொடுத்துவிடுங்கள், தனி டப்பாவில் பொரியல் பெரும்பாலும் தூங்கத்தான் செய்யும்.

கூட்டத்தோடு சாப்பிட்டால் பிள்ளைகள் சாப்பிடும் என்பதையும் கண்ணால் பார்த்தேன். எதிர்வீட்டுப் பையன் அரசுப் பள்ளியில் படிக்கிறான். 2022இல் தொடங்கி, 2023இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்த காலை உணவுத் திட்டத்தில் உப்புமாவுக்கும் பொங்கலுக்கும் காய்கறிச் சாம்பார்தான். வீட்டில் கேரட்டைத் தொடாதவன் அங்கே வரிசையில் உட்கார்ந்து சாம்பாரில் கிடப்பதை எல்லாம் தின்கிறான். அவன் அம்மா அதைக் கேள்விப்பட்டு வீட்டிலும் தெருப் பிள்ளைகள் நாலு பேரைச் சேர்த்து உட்கார வைத்தார், சரியாக வந்தது. சனிக்கிழமை மதியம் இப்போது எங்கள் பிள்ளைகளும் அங்கேதான்.

அறிகுறி: அப்பா தொடமாட்டார், அதனால் பிள்ளையும் தொடுவதில்லை

அப்பாவிடம் பேசுங்கள், பிள்ளை இல்லாத நேரத்தில். பிடிக்காவிட்டாலும் தட்டில் ஒரு கரண்டி வாங்கிக்கொள்ளட்டும், முகம் சுளிக்காமல் இருக்கட்டும். அவ்வளவு போதும்.

அறிகுறி: ஏப்ரல், மே வந்தால் எதுவுமே இறங்குவதில்லை

வேலூர் வெயிலில் மதியம் யாருக்குமே சோறு இறங்காது, பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியாது. மதியத்தை விட்டுவிடுங்கள். காலை எட்டு மணிக்குள் ஒரு காய், மாலை வெயில் தாழ்ந்ததும் தர்பூசணி அல்லது முலாம்பழம், இரவில் சுரைக்காய், பூசணி, பீர்க்கங்காய் போல நீர்க் காயில் கூட்டு. மதியம் மோரும் தயிர்சாதமும் வெள்ளரிப் பச்சடியும் இருந்தால் போதும். வெட்டித் திறந்து வைத்த பழத்தைத் தெருவில் வாங்காதீர்கள், முழுதாக வாங்கி வீட்டில் கழுவி வெட்டுங்கள், கோடையில் வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு மாதப் பழக்கம் போய்விடும்.

அறிகுறி: மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை, பசியும் இல்லை

இது சுற்றிச் சுற்றி வரும் தொல்லை. காய் தின்னாததால் மலம் இறுகுகிறது, இறுகியதால் வயிறு நிறைந்தது போல இருந்து பசி போகிறது, பசி இல்லாததால் காய் தின்பதில்லை. இங்கே காயை வலியுறுத்திப் பயனில்லை. முதலில் தண்ணீர், பப்பாளி, கொய்யா, ஊறவைத்த உலர்திராட்சையை நசுக்கிக் கொடுப்பது, தினமும் காலைச் சாப்பாடு முடிந்ததும் பத்து நிமிடம் அவசரப்படுத்தாமல் கழிப்பறையில் உட்காரவைப்பது. காலுக்குக் கீழே ஒரு மணை போடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டால், வலித்து அழுதால், ரத்தம் தெரிந்தால் டாக்டரிடம் போங்கள்.

எப்போது வீட்டு வைத்தியத்தை நிறுத்தவேண்டும்

எடை கூடாமல் நின்றுவிட்டது அல்லது குறைகிறது, விழுங்கும்போது வலிக்கிறது, அடிக்கடி புரையேறுகிறது, சாப்பிடும் பொருள்களின் எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் சுருங்கி ஏழெட்டுக்கு வந்துவிட்டது என்றால் இதில் எழுதியிருப்பது எதுவும் போதாது, குழந்தை மருத்துவரைப் பாருங்கள். மண், சாக்பீஸ், சுவர்ச் சுண்ணாம்பு, பச்சரிசி தின்கிறது என்றால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம், கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளிறி இருக்கும், ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். அங்கன்வாடியிலும் பள்ளியிலும் வருடத்துக்கு இரண்டு முறை தரும் குடற்புழு மாத்திரையைத் தவறவிடாதீர்கள், 1 வயதில் இருந்து 19 வயது வரைக்கும் அது உண்டு. பிள்ளையின் எடையை அங்கன்வாடியில் போட்டுப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

அறிகுறி: எல்லாம் செய்தும் ஒரே ஒரு காயை மட்டும் தொடுவதில்லை

விட்டுவிடுங்கள். பெரியவள் பாகற்காய் தின்பதில்லை, இருபது கோடு தாண்டிவிட்டது. புடலங்காயும் கத்தரிக்காயும் முருங்கைக்கீரையும் தின்கிறாள். பாகற்காய் சமைக்கும் நாளில் அவள் தட்டில் ஒரு துண்டு வைப்பேன், அவள் அதை எடுத்துத் தம்பி தட்டில் வைப்பாள், அவன் தின்றுவிடுவான்.